உடையவன் வராத பலகை

அந்தப் பலகையை முதன்முதலில் பார்த்தபோது அது ஏதோ சவப்பெட்டியின் மூடி என்றுதான் நினைத்தேன். எழுபதுகளின் கடைசி. என் கணவர் லாரி டிரைவர். நாமக்கல்லில் லோடு ஏற்றிக்கொண்டு மங்களூருக்கும் அதற்கு வடக்கே இருக்கும் கடலோர ஊர்களுக்கும் போய்வருவார். ஒரு மழைக்காலத்து நடை முடிந்து வந்தவர், புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த எங்கள் வீட்டுக்கு எதிரே வண்டியை ஓரம் கட்டிவிட்டு, தார்ப்பாயை விலக்கி அதை இறக்கினார். ஆளைவிட உயரம். இரண்டு முனையும் குறுகி, நடுப்பகுதி அகன்று, பழைய வெண்ணெயின் நிறத்தில் இருந்தது. நெடுக ஒரு மெல்லிய மரக்கோடு ஓடியது. அடியில், வால் முனையில், மீனின் துடுப்பைப் போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கனக்கும் என்று நினைத்துக் கைகொடுத்தேன். கனமே இல்லை.

“ஏனுங்க, செத்தது யாருங்க?” என்று கேட்டேன்.

“யாரும் சாகுல புள்ள. அப்படித்தான் நெனச்சுக்கிட்டு வாரேன்” என்றார்.

குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் நடந்ததைச் சொன்னார். மங்களூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கொட்டும் மழையில், ஒரு வெள்ளைக்காரப் பையன் சாலையோரத் தென்னைமரத்தடியில் இந்தப் பலகையின் மேல் குறுகி உட்கார்ந்திருந்தான். கையை நீட்டி வண்டியை நிறுத்தக்கூட அவனால் முடியவில்லை. குடித்திருக்கிறான் என்று நினைத்துக் கடந்துபோன இவர், கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்திருக்கிறார். தொட்டுப் பார்த்தால் சைலன்சரைத் தொட்ட மாதிரி கொதித்ததாம். வயது இருபதோ என்னவோ, தாடிகூடச் சரியாக முளைக்கவில்லை. அவனைத் தூக்கி கேபினில் உட்கார வைத்து, பலகையை லோடு மேல் போட்டுக் கட்டினார். வழி நெடுக அவன் இவர் தோளில் சாய்ந்து தன் மொழியில் எதையோ பிதற்றிக்கொண்டே வந்தான். இவர் தன் மொழியில், “ஒண்ணுமில்ல சாமி, ஆசுபத்திரி வந்துருச்சு சாமி” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். அவன் பேசியது இவருக்குப் புரியவில்லை. இவர் பேசியது அவனுக்குப் புரிந்திருக்க வழியில்லை.

கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சிறிய ஆசுபத்திரியில் அவனைச் சேர்த்தார். லோடு இறக்கும் நேரம் தப்பிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது அவன் இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தெரிந்த பலகையைக் காட்டி ஏதோ சொன்னான். கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு சிஸ்டர் அதைச் சொன்னார்: பலகையை நீங்கள் வைத்திருங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன், உங்கள் ஊர் எது என்று கேட்கிறான். இவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். அவனுக்கு அது நாக்கில் வரவில்லை. காய்ச்சலோடு காய்ச்சலாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, ‘சத்திரம்’ என்பதைச் சரியாகச் சொன்ன பிறகுதான் கையை விட்டானாம்.

அடுத்த நடையில் இவர் போனபோது அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். தமிழ் தெரிந்த சிஸ்டர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். மற்றவர்களிடம் சைகையிலும் அரைகுறைக் கன்னடத்திலும் கேட்டதில் தெரிந்தது இவ்வளவுதான்: காய்ச்சல் முற்றியதும் அவனைப் போன்ற இரண்டு பேர் காரில் வந்து பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எந்த ஊர் என்று தெரியாது. பிழைத்தானா என்று கேட்டதற்கு ஒருவர் வானத்தைப் பார்த்துக் கைகளை விரித்துவிட்டார். அதன் பிறகும் அந்த வழியே போகும்போதெல்லாம் இவர் வண்டியை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவனை நினைவு வைத்திருப்பவர் ஒருவரும் அங்கே இல்லாமல் போனார்கள்.

பலகையை நாங்கள் கடலைக்காய் மூட்டைகள் அடுக்கும் உள்ளறையில் சுவரோரமாக நிறுத்தி வைத்தோம். அலை மேல் அதைப் போட்டு, அதன் மேல் நின்றபடி கரைக்கு வருவார்கள் என்பதைப் பிற்பாடு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ஆனால் அதன் மேல் ஒரு ஆள் நின்றிருக்கிறான் என்பது எனக்கு முன்பே தெரியும். மேற்பக்கத்தில் மெழுகு அப்பியிருந்தது. மணல் துகள்கள் ஒட்டிய பழைய மெழுகு. அதற்கு அடியில், பின்பாதியில், இரண்டு குழிகள். பார்வைக்குச் சட்டென்று தெரியாது. கையால் தடவினால் தெரியும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குதிகால் அழுந்தி அழுந்தி விழுந்த பள்ளங்கள். ஒன்று சற்று ஆழம், மற்றது அதற்கு முன்னால், கொஞ்சம் திரும்பினாற்போல. சாணி மெழுகிய தரையில் பிள்ளை நடந்துபோன தடம்போல அவ்வளவு தெளிவு.

அதற்குப் பிறகு அந்த அறைக்குள் நான் சும்மா நுழைந்ததில்லை. ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போகிறவளைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் போவேன். அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து மூட்டை அவிழ்க்க மாட்டேன். சித்திரை வெயிலில் ஓடு காயும்போது அந்த மெழுகு இளகி, அறை முழுக்க ஒரு வாசம் வரும். மெழுகுவத்தியும் தேங்காய் எண்ணெயும் கலந்தது போன்ற வாசம். அதோடு உப்பு. ஒரு நாள் மத்தியானம் கையில் முறத்தோடு உள்ளே போனவள், யாரோ இப்போதுதான் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து நிற்பதாக நினைத்து, மாராப்பைச் சரிசெய்துகொண்டு திரும்பிவிட்டேன். அங்கே யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பினேன்.

அந்த வருஷம் எங்கள் எருமை ஒன்று செத்தது. பிறகு எனக்கு நாள் தள்ளிப்போய்க் கரு கலைந்தது. செத்தவன் பொருளை வீட்டுக்குள் வைத்தால் வேறென்ன நடக்கும் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் மனசு விட்டுப்போயிற்று. யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி ஒரு நாள் அவரிடம் அழுதேன். அவர் கோபப்படவில்லை.

“குடுக்கறதுக்கு அது நம்முளுது இல்லையே புள்ள. அவன் வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்லட்டும்?” என்றார்.

நடை முடிந்து வந்தால் கைகால் கழுவுவதற்கு முன் அந்த அறையைத் திறந்து ஒரு தடவை பார்ப்பார். சேலம் பஸ் எங்கள் ஊரில் நின்று வெளியூர் ஆள் யாராவது இறங்கினால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். தூக்கத்தில் சில சமயம், “வந்துருச்சு சாமி” என்று முனகுவார். அவரைப் பிடித்திருந்தது பயமில்லை. ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவனின் தவிப்பு அது. பையனை ஆசுபத்திரியில் சேர்த்துவிட்டு லோடு இறக்க ஓடியது அவருக்கு ஆறவே இல்லை.

அப்படியே சில வருஷங்கள் ஓடின. எண்பதுகளின் முதல் பாதியில் சேலத்திலிருந்து ஒருவர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். அங்கே ஓர் அறக்கட்டளை சிறியதாக ஓர் அருங்காட்சியகம் நடத்திவந்தது. அவர் அதன் காப்பாளர். வேறு மாவட்டத்துக்காரர், இள வயது, நிறையப் படித்தவர், பேச்சில் எப்போதும் ஓர் உற்சாகம். லாரித் தொழிலைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகவும், எங்கெங்கிருந்தோ லாரியில் ஏறி இந்தப் பக்கம் வந்து சேர்ந்த பொருட்களைச் சேகரிப்பதாகவும் சொன்னார். நாமக்கல் பட்டறை ஒன்றில் எங்கள் பலகையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். சில மாதங்களுக்கு இரவலாகக் கொடுங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறேன் என்றார்.

கொடுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் காப்பாளர் பேச்சோடு பேச்சாக, ஏற்காடு போகிற வெளிநாட்டுக்காரர்கள்கூட அங்கே எட்டிப் பார்ப்பதுண்டு என்று சொன்னதும் இவர் முகம் மாறியது. பலகைக்குப் பக்கத்தில் அதன் கதையை இங்கிலீஷிலும் எழுதி வைப்பீர்களா என்று கேட்டார். வைப்போம் என்றார் அவர். யாராவது ஒருவர் பார்த்து, அவர் இன்னொருவரிடம் சொல்லி, அது எப்படியாவது அந்தப் பையன் காதுக்குப் போகாதா என்பது இவர் கணக்கு. இரண்டே நிபந்தனை வைத்தார். வெயிலில் வைக்கக் கூடாது. மேற்பக்கத்தைத் துடைக்கக் கூடாது. காப்பாளர் தலையாட்டிவிட்டு, அச்சடித்த ரசீது ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ‘இரவல் பெற்ற பொருள் பெற்ற நிலையிலேயே திருப்பித் தரப்படும்’ என்று அதில் போட்டிருந்தது.

பலகை போன பிறகு எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அறைக்குச் சுண்ணாம்பு அடித்தபோதெல்லாம் அதை நகர்த்தாமலே அடித்திருந்ததால், சுவரில் அதன் வடிவம் மங்கலாக நின்றது. பலகை இருந்தபோதாவது அவன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்தது. இப்போது தெரியவில்லை.

சொன்ன காலம் கடந்தும் பலகை வரவில்லை. சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த என் தங்கை வீட்டில் ஒரு காதுகுத்து. அதற்குப் போனவர்கள், டவுன் பஸ் ஏறி அருங்காட்சியகத்துக்கும் போனோம். வாசலிலேயே இவர் நின்றுவிட்டார். வளைவுக்கு மேல், வெட்ட வெளியில், பலகையை இரண்டு இரும்புப் பட்டைகளில் மாட்டியிருந்தார்கள். ஆகாச நீலத்தில் எனாமல் பெயின்ட். அதன் மேல் வெள்ளையில் அலைகள், துள்ளும் மீன் ஒன்று, நடுவில் அருங்காட்சியகத்தின் பெயர். பின்பக்கத் துடுப்பு இல்லை. பட்டையில் படிந்து உட்காரவில்லை என்று அறுத்துவிட்டார்களாம்.

காப்பாளர் எங்களைப் பார்த்ததும் மலர்ந்த முகத்தோடு ஓடி வந்தார். ஆளைவிட்டு அதை இறக்கச் சொன்னார். எங்களைச் சந்தோஷப்படுத்த நினைத்தார் என்பதை நான் இன்றும் சந்தேகிக்கவில்லை.

“பார்த்தீங்களா, புதுசு மாதிரி ஆக்கிட்டோம். மேல ஒரே அழுக்கு, மெழுகு. சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, குழியெல்லாம் லப்பம் வெச்சு அடைச்சு, அப்புறம்தான் பெயின்ட்” என்றார்.

என் கணவர் பலகையின் பின்பாதியில் உள்ளங்கையை வைத்தார். மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தடவினார். மறுபடியும் தடவினார். கண்ணாடி போல வழுவழுவென்றிருந்தது.

“இதுல நின்னவன் எங்கீங்க?” என்று கேட்டார்.

காப்பாளருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். பக்கத்து வண்டிக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இவர் கையை எடுத்து, அதில் ஒட்டியிருந்த தூசியைப் பார்த்துவிட்டு, வேட்டியில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

அன்றே பலகையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்போம். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டார்கள். நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று அதில் இருந்ததை நான் படித்துச் சொன்னதும் இவர் போட மறுத்துவிட்டார். அறக்கட்டளையின் செயலாளரைப் போய்ப் பார்த்தோம். உட்காரச் சொல்லாமலே பேசினார். பழைய பலகையைத் எங்கள் செலவில் செப்பனிட்டுத் தந்திருக்கிறோம், நன்றி சொல்வதை விட்டுவிட்டு நியாயம் கேட்க வந்திருக்கிறீர்களே என்றார்.

ஊர் திரும்பியதும் இவர் சாப்பிடவில்லை. உள்ளறையில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரிடமோ பதில் சொல்ல முடியாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அடுத்த லோடுக்குப் போனவர் பாதி வழியில் வண்டியை மாற்று டிரைவரிடம் கொடுத்துவிட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் தோளில் யாரோ சாய்கிற பாரம் தெரிகிறது என்றார்.

நாமக்கல் லாரிக்காரர்களின் விபத்து வழக்குகளை எல்லாம் பார்க்கிற வக்கீல் ஒருவர் சேலம் கோர்ட்டுக்கு எதிரில் இருந்தார். அவரிடம் போகலாம் என்று நான்தான் சொன்னேன். கதையைக் கேட்டு முதலில் சிரித்தார். ரசீதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அதிலிருந்த ‘பெற்ற நிலையிலேயே’ என்ற சொற்களின் கீழே விரலை வைத்துக்கொண்டே யோசித்தார். பிறகு, ஸ்டூடியோக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகையை எல்லாப் பக்கமும் படம் எடுக்கச் சொன்னார். எங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் அதைத் திரும்ப வாங்கக் கூடாது என்றார். அறக்கட்டளைக்கு நோட்டீஸ் அனுப்பினார்.

வந்த பதில் இவரை நொறுக்கிவிட்டது. பலகை இவருக்குச் சொந்தமானதே அல்ல, யாரோ ஒரு வெளிநாட்டவருடையது என்று இவரே சொல்லியிருக்கிறார், ஆகவே நஷ்டம் கேட்க இவருக்கு எந்த உரிமையும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். வக்கீல் அதைப் படித்துக் காட்டும்போது இவர் எழுந்துவிட்டார்.

“அவிய சொல்றது நெசந்தானுங்க. அது என்னுது இல்லீங்க” என்றார்.

“உக்காருங்க. இன்னும் நான் சொல்லி முடிக்கல” என்றார் வக்கீல். “ஒருத்தர் நம்பி ஒங்ககிட்ட ஒப்படைச்ச பொருளுக்கு இன்னொருத்தர் கேடு செஞ்சா, உடையவருக்கு என்னென்ன வழி உண்டோ, வெச்சுப் பாத்துக்கறவருக்கும் அத்தனையும் உண்டு. இது நான் சொல்றதில்ல, சட்டம் சொல்றது.”

இவர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். வக்கீல் மேசை மேலிருந்த தடித்த புத்தகத்தைப் பிரித்து அந்த இடத்தைக் காட்டினார். இங்கிலீஷில் இருந்தது. இவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் குனிந்து அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனையோ வருஷமாக ஊரும் உறவும் கிறுக்குத்தனம் என்று சொன்ன ஒரு காரியத்துக்குப் புத்தகத்தில் ஓர் இடம் இருக்கிறது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னோடு சேர்ந்து உட்கார்ந்து குடித்தார்.

வழக்கு முன்சீப் கோர்ட்டில் நடந்தது. வாய்தா, அடுத்த வாய்தா என்று இழுத்தது. பாதி நாட்கள் இவர் மாற்று டிரைவரோடு எங்காவது லோடில் இருப்பார். நான்தான் வேலை பார்த்த பால்வாடியில் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய் வராந்தாவில் நின்றேன். பலகை அதுவரை அருங்காட்சியகத்தின் பின்கட்டில், கோணிப்பை போர்த்திக் கிடந்தது. ஒருமுறை எங்கள் வக்கீலோடு அதைப் பார்க்கப் போனபோது, கோணியை விலக்குமுன் என்னையறியாமல் தொண்டையைச் செருமினேன். வக்கீல் திரும்பிப் பார்த்தார். அந்த நீலப் பெயின்டுக்குள் யாரையோ மூச்சுமுட்டப் பூட்டி வைத்திருப்பதாக எனக்குத் தோன்றியது. வீட்டில் நின்ற காலத்தில் அவனைக் கண்டு பயந்த நான், அன்று அவனுக்காகப் பயந்தேன்.

கடைசியில் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். அவர்கள் வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். குழி விழுந்த பலகை நல்ல பலகையா, பழுதான பலகையா? பழுதைச் சரிசெய்தது எப்படிக் குற்றமாகும்? அவை கால் பட்டு விழுந்த குழிகள்தான் என்பதற்கு என்ன சாட்சி? அந்தப் பையனை நீங்கள் கண்ணால் பார்த்ததுண்டா?

பார்த்ததில்லை என்றேன். பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மைக் கிடையாது, முன்சீப் இன்னும் சத்தமாகச் சொல்லச் சொன்னார்.

“நான் பாத்ததில்லீங்க. ஆனா அது பழுதுங்களா, அவன் நின்ன எடமுங்களான்னு பலகைக்கு உடையவன்தானுங்க சொல்லோணும். நாங்களும் சொல்லக் கூடாது, இவிங்களும் சொல்லக் கூடாது. அதனாலதானுங்க நாங்க ஒரு நாளும் துடைக்காம வெச்சிருந்தோம்.”

முன்சீப் பேனாவை மூடி வைத்துவிட்டு, இரண்டு வக்கீல்களையும் வெளியே போய்ப் பேசிப் பாருங்கள் என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த காப்பாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிறகு செயலாளரிடம் போய் வழக்கை மேலும் இழுக்க வேண்டாம் என்று அவரே வாதாடினார் என்று பிற்பாடு எங்கள் வக்கீல் சொன்னார்.

கோர்ட் தீர்ப்பானால் பணம்தான் கிடைக்கும், சமரசமானால் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். இவர் பணம் வேண்டாம் என்றார். இரண்டு காரியம் கேட்டார். போட்டதை எல்லாம் தன் கண்ணெதிரில் எடுக்க வேண்டும். என்ன செய்தோம் என்பதை அவர்களே எழுதி, கையெழுத்துப் போட்டு, தமிழில் ஒன்றும் இங்கிலீஷில் ஒன்றுமாகத் தர வேண்டும். அந்தப் பையன் வந்தால் படிக்க வேண்டுமல்லவா? பலகையைப் பார்த்துக்கொண்டவர் மீது குற்றம் எதுவும் இல்லை என்று ஒரு வாக்கியம் சேர்க்கலாம் என்று வக்கீல் சொன்னபோது மட்டும் இவர் தடுத்துவிட்டார். வெளியே கொடுத்தது நான்தானே, அதை எடுத்துவிடுங்கள் என்றார்.

பெயின்டை எடுக்கும் வேலை நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நடந்தது. பெயின்டர் பிளேடால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். இவர் பக்கத்திலேயே குந்தியிருந்தார். நீலம் செதில் செதிலாக உதிர்ந்தது. பின்பாதிக்கு வந்ததும் இவர் கையை நீட்டி, மெதுவாக என்று சொன்னார். ஒரு குழியில் வைத்த லப்பம் வில்லையாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே பள்ளம் அப்படியே இருந்தது. மற்றதில் லப்பம் பிடிக்க வேண்டும் என்று முதலிலேயே அரத்தால் ராவியிருக்கிறார்கள். சுரண்டச் சுரண்ட உள்ளிருந்த நுரைப் பொருள்தான் வெளியே வந்தது. இவர் போதும் என்றார். மெழுகு போனது போனதுதான். அறுத்த துடுப்பைத் தேடிப் பார்த்ததில், குப்பையோடு குப்பையாக என்றோ போய்விட்டதாகச் சொன்னார்கள். ஒற்றைக் காலோடு பலகை வீட்டுக்கு வந்தது.

எழுத்தைத் தபாலில் அனுப்புவார்கள் என்று இருந்தோம். காப்பாளரே கொண்டுவந்தார். வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் போவதாகவும், போவதற்கு முன் இதைக் கையில் கொடுக்க வேண்டும் என்று தோன்றியதாகவும் சொன்னார். முன்பிருந்த உற்சாகம் அவரிடம் இல்லை. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். காகிதத்தை நீட்டினார். என் கணவர் வாங்கவில்லை. எழுந்து உள்ளறைக் கதவைத் திறந்தார்.

“இங்க வந்து படிங்க” என்றார்.

காப்பாளர் தயங்கி என்னைப் பார்த்தார். இவர் முகத்தில் கோபமில்லை, கெஞ்சலும் இல்லை.

“கேக்க வேண்டியவன் இல்லீங்களே. அவனுக்குப் பதிலா நான் கேக்கறனுங்க. சத்தமாப் படிங்க.”

காப்பாளர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மூட்டைகளுக்கு நடுவே, பலகைக்கு எதிரில் நின்றுகொண்டு படித்தார். உங்கள் பலகையை வெயிலில் மாட்டினோம். துடுப்பை அறுத்தோம். மெழுகைச் சுரண்டி எடுத்தோம். உங்கள் கால் பதிந்த இடங்களை அடைத்தோம். யாரையும் கேட்காமல் செய்தோம். தமிழில் முடித்துவிட்டு, இவர் கேட்காமலே இங்கிலீஷிலும் படித்தார். அந்த மொழி அந்த அறைக்குள் கேட்டது அதுதான் முதல் தடவை. வெயில் அடித்துக்கொண்டிருந்த பட்டப்பகலில், மூன்று பேர் மட்டும் நின்ற அறையில், நாங்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். படித்து முடித்த பிறகும் காப்பாளர் உடனே திரும்பவில்லை. பதில் வரும் என்று காத்திருப்பவரைப் போலக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு காகிதத்தை மடித்து இவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவரை நாங்கள் மறுபடி பார்க்கவில்லை.

பையன் வரவில்லை. அவன் பிழைத்தானா என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

காப்பாளர் வந்துபோன அன்று பொழுது சாய்ந்த பிறகு, மனசு இப்போதாவது ஆறிற்றா என்று என் கணவரிடம் கேட்டேன்.

“என்னத்த ஆறறது புள்ள. நாஞ் சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சு. அவன் காதுல உழுந்துச்சான்னு யாரு சொல்லுவா?” என்றார்.

பிறகு, விடிந்தால் மங்களூருக்கு லோடு இருக்கிறது, துணிமணியை எடுத்து வை என்றார். மாற்று டிரைவரிடம் கொடுக்காமல் தானே ஓட்டப்போவதாகவும் சொன்னார்.